முன்பு குடியிருந்தவர்கள்

மார்ச் பதினான்காம் தேதி, சனிக்கிழமை, காலை பத்தரை மணி. இரண்டாம் மாடி, வலப்பக்க வீடு.

படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று அவள் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை உரித்து, கைப்பேசியின் முதுகில் ஒட்டிக்கொண்டாள்.

இது ஆறாவது வீடு. முந்தைய ஐந்தும், பொட்டைப் பார்த்த மறுநிமிடமே வேறு யாருக்கோ முடிவாகிவிட்டிருந்தன. இப்போதிருக்கும் வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும்.

"முப்பத்துமுக்கோடி தேவரும் கீழயே நிக்கட்டும்," என்றான் கணவன். "அத்தனை பேருக்கு இங்க பார்க்கிங் கிடையாது."

"வாய மூடிட்டு பெல்ல அடிங்க."

வீட்டுக்காரம்மா அன்பானவர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பிறகு, கரையான் இருப்பதை ஒப்புக்கொள்பவர் போலக் குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இந்து இல்லையே? அந்த மாட்டைக் கும்பிடற கூட்டத்துக்கு மட்டும் நான் வீடு குடுக்கறதில்ல. கல்லு முன்னாடி மணியாட்டிக்கிட்டு... வீடே நாறிடும்."

"சேச்சே," என்றான் கணவன். மூன்று தலைமுறையாகக் கோயிலில் மணியாட்டிய குடும்பம் அவனுடையது.

வீட்டுக்காரம்மாவின் முகம் மலர்ந்தது.

"முன்னாடி இருந்தவங்களும் உங்கள மாதிரிதான். நாலு வருஷம். தங்கமான பொண்ணு, சத்தமே வராது. நான் நெத்தியப் பார்த்தே ஆளை எடை போட்டுடுவேன்."

நெற்றி என்றதும் அவளுக்குச் சந்தேகம் வந்தது. பசை ஒட்டியிருக்குமோ? குளியலறையைப் பார்க்கிறேன் என்று எழுந்து போனாள்.

நெற்றி சுத்தமாகத்தான் இருந்தது.

கண்ணாடி, ஒரு சிறிய சுவர் அலமாரியின் கதவு. வந்ததற்கு அதையும் பார்த்து வைப்போமே என்று திறந்தாள்.

கதவின் உள்பக்கம், கீழ் மூலையில், பொட்டுகள்.

சிவப்பு, மெரூன், ஒரே ஒரு கறுப்பு. வரிசை வரிசையாக, முப்பதுக்கு மேல் இருக்கும். பலமுறை ஒட்டி, பலமுறை உரித்ததில் சிலவற்றின் ஓரம் சுருண்டிருந்தது.

அவள் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் சிரித்து முடித்தாள்.

"அலமாரி போதுமாம்மா?" வெளியிலிருந்து வீட்டுக்காரம்மா கேட்டார்.

கைப்பேசியின் முதுகிலிருந்ததை எடுத்துக் கடைசி வரிசையின் ஓரத்தில் ஒட்டினாள். கதவை மூடினாள்.

"தாராளமா."

ஒன்றாம் தேதி குடிவந்தார்கள்.