தூசி என்று தள்ளியவை

"அக்கா, ஃபைல்ல அஞ்சு மைக்ரான்னு இருந்ததைப் பன்னெண்டா மாத்தினது நீங்கதானா?"

மறைத்து என்ன ஆகப்போகிறது? "நான்தான்" என்றாள், ஆய்வகத்தில் கூட வேலை பார்க்கும் இளைஞனிடம்.

ரத்தத்தை நுண்ணோக்கியில் படமெடுத்து, அதில் புற்றுநோய்ச் செல்களை எண்ணும் மென்பொருள் அது. எத்தனை மைக்ரானுக்கு, அதாவது மில்லிமீட்டரில் எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்குக்கு, கீழே இருக்கும் புள்ளியைத் தூசி என்று தள்ளிவிட வேண்டும் என்பதை அமைப்புக் கோப்பில் ஓர் எண்ணாக எழுதிவைக்க வேண்டும். எட்டு மாதம் முன்பு அதை எழுதிய நாளிலிருந்து ஆய்வகத்தில் அவளுக்கு 'செட்டிங் அக்கா' என்றே பெயர். பெயருக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

அந்த எண்ணை நம்பி, 'ஒன்றுமில்லை' என்று அறிக்கை வாங்கிப்போன ஓவிய ஆசிரியை ஒருவர் இப்போது மேல்மாடி வார்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். அவருடைய பழைய படத்தை நேற்று ஐந்தில் ஓட்டிப் பார்த்தால், முப்பத்தொரு செல்கள்! அதைக் கேட்டதிலிருந்து அவள் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை.

"கம்பெனிக்காரங்க அஞ்சுன்னுதானேக்கா கொடுத்திருந்தாங்க? ஏன் கை வச்சீங்க?" அவன் கேட்டதில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

"ஆசைப்பட்டா வச்சேன்? ஃபைலை முடிக்கிறதுக்கு முன்னாடி, நோய் இல்லாத ஒருத்தர் ரத்தத்தை ஓட்டிப் பாக்கணும்ல? அதுல ஒரு புள்ளிகூட வரக்கூடாது. அஞ்சுல பத்தொம்பது காட்டுச்சு. கண்ணாடியில தூசின்னு நினைச்சேன். ஏழு, ஒம்பதுன்னு ஏத்திக்கிட்டே போனேன். பன்னெண்டுலதான் பூஜ்யம் வந்துச்சு. படத்தைப் பெருசாக்கி ஒரு தடவை கண்ணால பாத்திருக்கலாம். பாவி, பாக்கலையே!"

அவளுக்கு மேல்மாடிக்கு ஓடி அந்த ஆசிரியையின் காலில் விழவேண்டும் போலிருந்தது.

அவன் நாற்காலியை அருகில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "இன்னிக்குப் புதுசா நோய் இல்லாத பத்துப் பேர் ரத்தம் எடுத்து அஞ்சுலயே ஓட்டினேன்க்கா. பத்துலயும் பூஜ்யம். தூசியும் இல்ல, மண்ணும் இல்ல."

"அப்ப அந்தப் பத்தொம்பது?"

"நிஜமான செல்லுங்கதான். நோய் இல்லாதவர்னு நீங்க நினைச்ச ஆளுக்கே நோய் இருந்திருக்கு. எட்டு மாசம் வீணாப் போச்சு, உடனே கூப்பிட்டுச் சொல்லணும். யாருக்கா அது?"



எட்டு மாதம் முன்பு, அந்தச் சோதனைக்கு ரத்தம் கேட்ட அன்று, ஊசியைப் பார்த்ததும் ஆளாளுக்கு நழுவிவிட, "கல்லுக்குண்டாட்டம் நான் இருக்கேனே, எங்கிட்டயே எடுங்க" என்று சிரித்தபடி கையை நீட்டியவள் அவள்தான்.