கடலைத்தோல் கரி

விருந்தாளிகள் வந்து உட்காரும் நேரம் பார்த்து, வடிகட்டிக்குப் போகும் குழாயை இறுக மூடிவிட்டாள் கரிக்காரி.

கடலைத்தோலைக் கரியாக்கி, களிமண்ணோடு குழைத்துச் செய்த வடிகட்டி. ஆஸ்பத்திரிக் கழிவுநீரில் கரைந்து வரும் மருந்தை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் அவள் கை கறுத்தே கிடந்ததில் வந்த பெயர்தான் கரிக்காரி.

ஆய்வுக்கூடத் தலைவர் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னம்மா பண்றே? பெரிய டாக்டர் மேடை ஏறிட்டாரு!"

"இன்னிக்குத் திறப்பு விழா வேண்டாம் சார்."

"புத்தி கெட்டுப்போச்சா? புற்றுநோய் வார்டுத் தண்ணி இதுக்குள்ள போய் வெளிய வருது. அந்த மருந்து ஒரு பொட்டுகூட இல்லைன்னு நீதானே சொன்னே?"

"நான்தான் சொன்னேன்."

"அப்புறம் என்ன? எல்லாரோட உழைப்புலயும் மண்ணை அள்ளிப் போடறியே!"

அவள் குழாயிலிருந்து கையை எடுக்கவில்லை. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே?

"உங்க அக்கா அதே வார்டுலதானே படுத்திருக்கா? ஊரெல்லாம் நன்கொடை திரட்டி, அவ்வளவு விலை கூடின ஊசியை ஏழைங்களுக்கு இலவசமாப் போடறாரு பெரிய டாக்டர். கொஞ்சமாவது நன்றி வேண்டாமா?"

"அக்கா தினமும் அவரைக் கும்பிட்டுட்டுத்தான் சார் ஊசிக்குக் கையை நீட்டுறா."

அவள் குழாயை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆய்வுக்கூடத்துல நாமளே மருந்தைக் கலந்து விட்டோம், கரி பிடிச்சுது. இங்க வந்தப்புறம் வெளிய வர்ற தண்ணியை மட்டும் பாத்துட்டுக் குதிச்சோம். உள்ள போற தண்ணியை நேத்துதான் சார் சோதிச்சேன்."

"சரி, அதுல என்ன?"

"வலி மாத்திரை இருக்கு. தூக்க மாத்திரை இருக்கு. புற்றுநோய் மருந்து மட்டும் இல்லை. திரும்பத் திரும்பப் பாத்துட்டேன்."

"இல்லைன்னா நல்லதுதானே..." என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"வார்டு முழுக்க ஆளுங்க சார். உடம்புக்குள்ள போயிருந்தா கழிவுல வந்தே ஆகணும்."

வெளியே பெரிய டாக்டரின் குரல் ஒலிபெருக்கியில் கணீரென்று கேட்டது. "இனி இந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சொட்டு மருந்துகூட வெளியே போகாது!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

கரிக்காரி தலைவரின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"எங்க அக்காவுக்கு இத்தனை நாளா எதை சார் ஏத்தறாங்க?"