சாட்சித் தேங்காய்

அதிகாரியின் மேஜை மேல் குடுமியோடு ஒரு தேங்காய் இருந்தது. பூஜைக்காக அல்ல, சாட்சிக்காக.

"இதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார் தீனதயாளன். நிலத்தடி நீர் ஆய்வு அலுவலகத்துக்கு அவர்தான் தலைமை. நாற்காலிக்குப் பின்னால் அவருடைய முனைவர் பட்டம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அறைக்கு வருகிறவர்கள் அதைப் படித்து முடிக்கும்வரை அவர் தலை நிமிர்வதில்லை.

எதிரே நின்ற கள உதவியாளர் நாச்சிமுத்து தேங்காயை உற்றுப் பார்த்தார். "நல்ல முத்தல் காயிங்க சார். சட்டினிக்கு ஆகும்."

பக்கத்தில் நின்ற கண்காணிப்பாளர் சௌந்திரம் கையிலிருந்த கோப்பால் வாயை மறைத்துக்கொண்டார்.

"விளையாடாதீங்க. அரசாங்கம் உங்களை எதுக்கு வேலைக்கு வச்சிருக்கு? நிலத்துக்கடியில தண்ணி பாக்கிற மெசினைத் தூக்கிட்டுப் போய் ஒயர் இழுக்க. நீங்க என்னடான்னா மேச்சேரியில ஒருத்தர் தோட்டத்துல, உள்ளங்கையில தேங்காயைப் படுக்க வச்சுட்டு நடந்திருக்கீங்க. அது எங்க எந்திரிச்சு நிக்குதோ அங்க போர் போடச் சொல்லியிருக்கீங்க."

"தண்ணி வந்துச்சுங்களே."

"அது தற்செயல்."

"பள்ளிபாளையத்துல வந்ததுங்க?"

"அதுவும் தற்செயல்."

"சரிங்க. அந்தத் தற்செயலத் தேடித்தானுங்க சனம் எங்க ஊட்டு வாசல்ல வந்து நிக்குது."

தேங்காய் பிடித்த குற்றத்துக்காக நாச்சிமுத்துவை வெளிவேலையிலிருந்து எடுத்துத் தபால் பிரிவில் போட்டிருந்தார் தீனதயாளன். நாச்சிமுத்து அந்த நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டார். தினமும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு இருந்தார்.

வேலை இல்லையேல் சம்பளம் இல்லை என்று இந்த மாதம் பாதிச் சம்பளத்தைப் பிடித்தாகிவிட்டது. இன்று மன்னிப்புக் கடிதம் தராவிட்டால் சஸ்பெண்ட் உத்தரவும் தயார்.

"எழுதிக் குடுத்துருங்கண்ணா," என்றார் சௌந்திரம். "பொண்ணுக்குக் கண்ணாலத்த வெச்சுக்கிட்டு என்னத்துக்கு இந்த வீம்பு?"

"தப்புப் பண்ணுனாத்தானம்மா மன்னிப்பு? மிச்சப் பாதியையும் வேணும்னாப் புடிச்சுக்கச் சொல்லுங்க. கவருக்குப் பசை தடவ நான் வரலீங்க. என்னைய மெசினோட வெளிய உட்டாப் போதும்."

தீனதயாளன் எழுந்தார். மேடை இல்லாவிட்டாலும் அவருக்குப் பேச்சு வரும். "இது செயற்கைக்கோள் காலம். உலகமே எங்கயோ போயிட்டிருக்கு. நம்ம ஆபீஸ் ஆளே தேங்காயைத் தூக்கிட்டுத் திரிஞ்சா, நாளைக்கு எவன் அறிவியலை நம்புவான்? இதுல ஒரு நிபந்தனை வேற. தேங்காய் பிடிக்கிறதுக்கு முந்தின நாள் முழுக்க, தோட்டத்துக்குள்ள ஒரு ஆள், ஒரு ஆடு கால் வைக்கக் கூடாதாமே? மீறினா கங்காதேவி கோவிச்சுக்குவாளாமே?"

"கோவிச்சுக்குவாங்க சார்."

"மூடநம்பிக்கை. இந்த ஆபீசுக்கே அவமானம்."

"உங்க ஜீப்பு முன்னால எலுமிச்சம்பழமும் மொளகாயும் தொங்குதுங்களே சார்."

"அது டிரைவர் கட்டினது."

"வெள்ளிக்கெழமையானாப் புதுசு மாத்தச் சொல்றதும் டிரைவர்தானுங்களா?"

சௌந்திரத்துக்கு இந்த முறை கோப்பு போதவில்லை. வராத இருமலை வரவழைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா," என்றார் அதிகாரி.

அவர் போனதும் தீனதயாளனே எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு ஜன்னலையும் சாத்தினார். சுவரில் பட்டம் அதே உயரத்தில்தான் தொங்கியது. குரல்தான் இறங்கிவிட்டது.

"உக்காருங்க நாச்சிமுத்து."

"நின்னே பழகிப்போச்சுங்க."

"அயோத்தியாப்பட்டணத்துல ஒரு இடம் வாங்கியிருக்கேன். வீடு கட்டணும். அதுக்கு முன்னாடி போர் போடணும்."

"நம்ம மெசின்லயே பாத்துருங்க சார். செயற்கைக்கோள் காலம்."

"பாக்கலாம்தான்." தீனதயாளன் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "ஆனா போர் போடற ரிக்கு வண்டிக்குக் குடுக்கப் போறது என் சொந்தக் காசுய்யா."

நாச்சிமுத்து மேஜை மேலிருந்த தேங்காயைப் பார்த்தார்.

"இந்த ஞாயித்துக்கிழமை வந்து ஒரு நடை நடந்து குடுத்துருங்க."

"தபால் பிரிவு ஆளுக்கு அங்க என்னங்க சார் வேல?"

தீனதயாளன் பேனாவைத் திறந்தார். தபால் பிரிவு உத்தரவு ரத்தானது.

"சம்பளமுங்க?"

பிடித்தமும் ரத்தானது.

"அந்த மன்னிப்புக் கடுதாசி?"

"அதை இப்ப யாருய்யா கேட்டா?"

நாச்சிமுத்து உத்தரவை வாங்கி, கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதிகாரி மேஜை மேலிருந்த தேங்காயை, கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக, இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார்.

"சனிக்கிழமை முழுக்க அந்த இடத்துப் பக்கம் ஒரு ஈ காக்கா வராம நான் பாத்துக்கறேன். என் சம்சாரத்தைக்கூட விடமாட்டேன். நானும் வரமாட்டேன். கங்காதேவிக்கு அது போதுமில்ல?"

"போதுமுங்க சார். சனிக்கெழம எல்லாரும் பாக்கறாப்புல நான் மெசினுக்கு ஒயர் இழுத்தா, மறுநாள் தேங்காய எவன் நம்புவான்?"