சூசை நின்ற இடம்

அந்தக் கடலோரத்தில் குடிசை பற்றிக்கொண்டால், ஊரே கிணற்றடியிலிருந்து வரிசையாக நின்று தண்ணீர்க் குடங்களைக் கைமாற்றும். பிலோமினாவை அடுத்து நின்ற அவள் புருஷன் சூசை கண்மூடிய பிறகு, அந்த இடத்தில் யாரும் நிற்கவில்லை. அவளே இரண்டடி நடந்து அடுத்த ஆளிடம் குடத்தைச் சேர்ப்பாள்.

இன்று வலைக்கொட்டகை எரிந்தபோது முதன்முறையாகத் தீயணைப்பு வண்டி வந்தது. வண்டியில் வந்தவர்கள் வேண்டாமென்று சொல்லியும் கேளாமல், ஊரார் எல்லாரும் அவரவர் இடத்தில் நின்று வண்டியின் தண்ணீர்க்குழாயைத் தூக்கிப் பிடித்தார்கள். நடுவில் இடைவெளியைக் கண்ட தீயணைப்புக்காரர் ஒருவர் பிடித்துக்கொள்ள ஓடிவந்தார்.

“தள்ளி நில்லுங்கய்யா,” என்றாள் பிலோமினா. “இங்க ஆளிருக்கு.”

அவர் குனிந்து பார்த்தார். வெறும் மணல். அதன்மேல் குழாய் துளியும் தொய்யாமல் நின்றது.