நாவல் மரத்துத் திருடி

கோட்டக்குப்பத்திலிருந்து திண்டிவனத்துக்குப் புதிதாகக் குடிவந்திருந்த சிக்கந்தர் பாட்சா, எதிர்வீட்டு எட்டு வயது அஞ்சலாட்சியைக் கையோடு பிடித்துவந்து, அவள் அம்மா பாஞ்சாலி முன் நிறுத்தினார்.

“உம் பொண்ணு எங்க நாவ மரத்துல உச்சிக்கே ஏறிட்டாம்மா! துரத்துனா சந்தமேடு வரைக்கும் ஓடுறா. எனக்குத்தான் மூச்சு வாங்குது.”

“நான் பழமே தின்னலம்மா!”

“அப்ப உதடு ஏன் நீலமா இருக்குது?” என்றார் பாய்.

பாஞ்சாலியின் முகம் வெளுத்தது.

“நெஜமாவே தின்னலையாடி?”

“சத்தியமா!”

பாஞ்சாலி முந்தானையைத் தண்ணீரில் நனைத்து மகளின் உதட்டை அழுத்தித் தேய்த்தாள்.

பாய் பதறிவிட்டார். “வுடும்மா, பச்சப் புள்ள! நாலு பழத்துக்கா இந்தக் கோவம்?”

பாஞ்சாலி முந்தானையைப் பார்த்தாள். ஊதாக் கறை.

“தின்னுருக்கா பாய்! பொய் சொல்லிக்கினு கீறா!” மகளைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீர் வழிந்தது.

பாய் விழித்தார்.

“பொறந்ததுலேருந்து இவ உதடு நீலம்தான் பாய். இதயத்துல கோளாறு. நாலடி நடந்தா குந்திக்குவா. இத்தினூண்டு நெஞ்சுல கத்தி வெக்க முடியாதுன்னாங்க. போன தையிலதான் மெட்ராசுல வெச்சாங்க. மறுபடியும் வந்துடுச்சோன்னு உசுரே போயிடுச்சி. இது தொடைச்சா போவுற நீலம் பாய்!”

பாய் அஞ்சலாட்சியிடம் விரலை ஆட்டினார்.

“நாளைக்கி ஏறும்போது வடக்குக் கெளையில கால் வெக்காத, முறிஞ்சிடும். தெக்கால ஏறு. அங்கதான் பழம் பெருசு.”