வேட்பாளர் படத்துக்கு மாலை

"பேரு மட்டும் அறிவு! உசுரோட கீற மனுசனுக்கு எவனாச்சும் சந்தன மாலை போடுவானாடா?"

மலர்க்கொடி கத்திய கத்தலில், ராயபுரம் பாலத்தடியில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் பேரத்தைப் பாதியில் விட்டுவிட்டு அவளுடைய பேனர் கடைப் பக்கம் திரும்பினார்கள்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அறிவும் விடுவதாக இல்லை. "காலையிலேர்ந்து வரிசையா சாவு பேனரா குடுத்தது யாரு? நீதானேக்கா? அதே டிசைன்ல மூஞ்சிய மாத்தினேன். அவசரம், அவசரம்னு தலைமேல நின்னுகினு கீறீங்க, நான் இன்னா பண்றது?"

திரையில் ஓர் அகன்ற முகம் சிரித்துக்கொண்டிருந்தது. பின்னால் மேகம், தலையைச் சுற்றி ஒளி, இரண்டு பக்கமும் வெள்ளைப் புறா, படத்தைச் சுற்றிச் சந்தன மாலை. 'கண்ணீர் அஞ்சலி' ஒன்றுதான் பாக்கி.

அது மோசஸின் அப்பா. பேரைக் கேட்டால் ராயபுரத்துப் பையன் என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் வந்தது ஆப்பிரிக்காவிலிருந்து. எந்த நாடு என்று அவன் எத்தனையோ முறை சொல்லிவிட்டான். ஆப்பிரிக்காவே தண்டையார்பேட்டைக்கு அடுத்த ஸ்டாப் என்பதுபோல் தெரு அதைக் காதில் வாங்கவில்லை. கல்லூரியில் படிக்க வந்தவன், வியாசர்பாடி மைதானத்தில் பந்து உதைத்தே தமிழ் கற்றுக்கொண்டான். அதனால் அதில் திட்டு கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

அவன் ஊரில் தேர்தல். அப்பா எதிர்க்கட்சி வேட்பாளர். ஆளுங்கட்சிக்கு அது பொறுக்கவில்லை. போலீஸ் தேட, மனிதர் தலைமறைவாகிவிட்டார். பேனர் அடிக்க அங்கே எந்த அச்சகத்துக்கும் தைரியமில்லை. அன்றிரவு ஊருக்கு விமானம் ஏறும் தோஸ்து ஒருவனின் பெட்டியில், துணிமணிக்கு அடியில் மறைத்து அனுப்ப ஏற்பாடு.

"ஆளுதான் வெளிய வர முடியாது, படமாச்சும் வெளிய வரணும்க்கா. ஜனங்க மூஞ்சிய மறந்துட்டா, நான் பொறக்கறதுக்கு முன்னாடியிலேர்ந்து குந்திகினு கீறவனே மறுபடியும் குந்துவான்" என்று சொல்லித்தான் வேலையைக் கொடுத்திருந்தான்.

"இரு மோசஸு, மாலைய எடுக்கச் சொல்றேன்" என்றாள் மலர்க்கொடி.

மோசஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "வாணாம்க்கா. இருக்கட்டும். சூப்பரா கீது."

"டேய், கழுத்துல போட்டாதான்டா மரியாதை. படத்துக்குப் போட்டா கருமாதி!"

"தெரியும்க்கா. இந்தத் தெருவுல பாக்காததா?"

"தெரிஞ்சுமா? பெத்த அப்பனுக்கா?"

"எங்க ஊர்ல இதுக்கு அர்த்தம் தெரியாது. அழகுக்குப் போட்டதுன்னு நெனச்சுக்குவாங்க. டைம் இல்லக்கா, அப்படியே அடி."

மீன் கூடையை அம்போவென்று விட்டுவிட்டுக் கடை வாசலுக்கே வந்துவிட்ட அங்கம்மாவுக்கு இதற்குமேல் தாங்கவில்லை. மலர்க்கொடியின் காதோரம் குனிந்து, தெருவுக்கே கேட்கும்படி ரகசியம் சொன்னாள்.

"அப்பனுக்கும் புள்ளைக்கும் ஆவாதுடி. சொத்துத் தகராறா இருக்கும். இல்லாங்காட்டி, எந்தப் புள்ளையாச்சும் அப்பனுக்கு இப்பவே மாலை போட்டு அழகு பாப்பானா?"

மோசஸ் காதில் விழாமல் இருக்காது. ஆட்டோ பிடித்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அவன் தலை மறைந்ததுதான் தாமதம். "எடுடா மாலைய! புறாவையும் எடு. ஒளிஞ்சிகினு கீற மனுசன், நம்ம கையால அவருக்கு எதுவும் ஆயிடக் கூடாது" என்றாள் மலர்க்கொடி.

அவன் திரும்பியபோது மெஷினிலிருந்து பேனர்கள் இறங்கிக்கொண்டிருந்தன. நீல வானம், கட்சிக் கொடி, நடுவில் அப்பா. மாலையில்லாத நெஞ்சருகே மோசஸ் விரலை வைத்தான், எடுக்கவில்லை.

"ஏன்க்கா எடுத்தே?"

"நீ சின்னப் பையன், உனக்குப் புரியாது. நாளைக்கு இதே வாயால எனக்கு நன்றி சொல்லுவே."

சொல்லவில்லை. ஒவ்வொரு பேனரையும் அவனே மடித்தான், வேறு யாரையும் தொடவிடவில்லை. ஆட்டோ கிளம்பியதும் அங்கம்மா உதட்டைப் பிதுக்கினாள். "அப்பன் உசுர காப்பாத்திக் குடுத்தா, மூஞ்சிய தூக்கி வெச்சிகினு போறான் பாரு!"

தேர்தல் நடந்தது. நடுவில் இன்டர்நெட்டை நிறுத்தினார்களாம், ஓட்டுப் பெட்டிகள் வழி தவறிப் போனதாம். எல்லாவற்றையும் தாண்டி மோசஸின் அப்பா எம்.பி. ஆகிவிட்டார் என்று அறிவு செல்போனில் பார்த்துச் சொன்னான். மலர்க்கொடி தெருவுக்கே ஜிலேபி கொடுத்தாள். "மாலைய எடுத்தது யாரு?" என்று கேட்டு, பதில் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தாள்.

அந்த வருடமே பாலத்தடிக் கூட்டம் கலைந்துபோனது. அறிவு, அங்கம்மாவின் மகள் சினேகாவைக் கட்டிக்கொண்டு எண்ணூரில் தனிக் கடை போட்டான். மகளோடு அங்கம்மாவும் போய்விட்டாள். அவர்களுக்கெல்லாம் முன்னால் போனவன் மோசஸ்தான். ரிசல்ட் வந்த மறுநாளே அறையைக் காலி செய்துவிட்டு, பெட்டியோடு கடை வாசலில் வந்து நின்றான்.

"ஜெயிச்சதும் பாசம் பொங்கிடுச்சுடி" என்று அங்கம்மா கண்ணடித்தாள்.

மலர்க்கொடி மீதி ஜிலேபியை அவன் கையில் திணித்தாள். "அப்பா பதவியேற்புக்குத்தானேடா போறே?"

"இல்லக்கா, அடக்கத்துக்கு" என்றான் மோசஸ். "நான் பேனர் சொல்ல வந்தேனே, அதுக்கு மொத நாளே ஒளிஞ்சிகினு இருந்த எடத்துல காய்ச்சல்ல போயிட்டாரு. வெளிய தெரிஞ்சா எலெக்சனையே நிறுத்திடுவாங்க, ஓட்டு எண்ணி முடிக்கிற வரைக்கும் வூட்ல யாரும் அழக் கூடாதுன்னுட்டாங்க."