உச்சியில் ஒரு முடிச்சு

கொடி அவிழவில்லை.

அரிசி மண்டி வெள்ளத்துரை அண்ணாச்சி மறுபடியும் கயிற்றை இழுத்தார். கம்பம்தான் ஆடியது. உச்சியில் மூட்டையாகக் கட்டியிருந்த கொடி அசைவேனா என்று உட்கார்ந்திருந்தது.

"தம் கட்டி இழு அண்ணாச்சி!" கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

டோல்கேட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவே அண்ணாந்து நின்றது. சல்யூட் அடித்த பிள்ளைகள் கை வலித்து ஒவ்வொன்றாக இறக்கிவிட்டன.

மைக்கைப் பிடித்திருந்த தெருச் சங்கச் செயலாளர் அசோகனுக்கு வியர்த்துக் கொட்டியது. "இதோ, நமது மூவர்ணக் கொடி கம்பீரமாகப் பறக்கிறது!" என்று அவசரப்பட்டு இரண்டு தரம் சொல்லித் தொலைத்துவிட்டான்.

ஆகஸ்ட்டில்தான் கொடியைக் கீழேயிருந்து ஏற்றுவது. குடியரசு நாளுக்குப் பூவை வைத்துச் சுருட்டி உச்சியிலேயே கட்டிவிடுவார்கள். கயிற்றைச் சுண்டினால் பூ கொட்டும், கொடி விரியும். கட்டியது ஜெயவேல். ஹார்பரில் கன்டெய்னர்களைக் கப்பலோடு சேர்த்துக் கட்டுகிற ஆள். அவன் போட்ட முடிச்சு புயலுக்கே அசையாது என்பார்கள்.

"டேய் ஜெயவேலு, இன்னாடா கட்டி வெச்சிக்கீற?" அசோகன் பல்லைக் கடித்தான்.

"கரெக்டாத்தான் கட்டுனேன் மாமு. இன்னா ஆச்சின்னு தெர்லயே!"

அசோகனுக்கு ஆத்திரம் ஒரு பக்கம் என்றால், உறுத்தல் இன்னொரு பக்கம். இன்று அந்தக் கயிற்றை இழுத்திருக்க வேண்டியவள் பச்சையம்மா.

இருபத்தேழு வருஷமாக அந்தத் தெருவைக் கூட்டுகிறவள். வெள்ளம் வந்தபோது இடுப்பளவுத் தண்ணியில் நின்று அடைப்பெடுத்தவள். இந்த மாசத்தோடு ரிட்டயர் ஆகிறாள். "யக்கா, இந்தத் தபா நீதான் கொடியேத்துற" என்று பொங்கலன்று போய்ச் சொன்னவனே அசோகன்தான். அவளும் தான் குடியிருக்கும் வியாசர்பாடியில் வூடு வூடாகச் சொல்லி, புதுப்புடவை எடுத்துவிட்டாள்.

அப்புறம்தான் அண்ணாச்சி புதுக் கம்பம் வாங்கித் தந்தார்.

"கம்பம் குட்த்தவர வுட்டுட்டு, தெரு கூட்டுற கையில கயிறா? அண்ணாச்சி இன்னா நெனைப்பாரு?" என்றார் சங்கத் தலைவர். அசோகனும் வளைந்து கொடுத்தான். முந்தாநாள் போய் அண்ணாச்சியை அழைத்தான். நேற்று பச்சையம்மாவிடம், "கோச்சிக்காதக்கா" என்றான்.

"சரி நைனா."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்த லட்சணத்தில் இன்றைக்குக் காலையில் மைக்கில் பத்து நிமிஷம் வேறு பேசியிருந்தான். "ராஜாவுக்கும் ஒரே ஓட்டு, கூலிக்காரனுக்கும் ஒரே ஓட்டு. எல்லாரும் சமம்னு சட்டம் அமலுக்கு வந்த நாள் இது!" கடைசி வரிசையில் புதுப்புடவையோடு நின்ற பச்சையம்மாவும் கைதட்டினாள்.

"நவுருங்கண்ணாச்சி, நான் பாக்குறேன்."

அசோகன் இழுத்தான். ம்ஹூம். முடிச்சு இன்னும் இறுகியது. தலைவர் இழுத்தார். அவர் வேட்டிதான் அவிழப் பார்த்தது. தெரு கொல்லென்று சிரித்தது.

"யக்கா!" ஜெயவேல் திடீரென்று குரல் கொடுத்தான். "நீ வந்து ஒரு கை பாரு!"

தலைவர் முறைத்தார். முறைத்து என்ன செய்ய? இழுக்க வேறு ஆள் இல்லை.

பச்சையம்மா வந்தாள். செருப்பை ஓரமாகக் கழற்றினாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். ஜெயவேல் கயிற்றை எடுத்து அவள் கையில் கொடுத்தான். மேலே ஒரு தரம் பார்த்தாள்.

ஒரே சுண்டு!

பொலபொலவென்று பூ அவள் நரைத்த தலையில் கொட்டியது. கடல் காற்றில் கொடி படபடவென்று விரிந்தது.

தெருவே அலறியது. விசில் காதைப் பிளந்தது. "பச்சையம்மா! பச்சையம்மா!" என்று பிள்ளைகள் குதித்தன. அவள் விறைப்பாக நின்று அடித்தாள் பாரு ஒரு சல்யூட்! தேசிய கீதத்தை அந்தத் தெரு அப்படி ஒரு நாளும் பாடியதில்லை. அசோகனுக்குக் கண் கலங்கிப் பாதி வரி வரவே இல்லை.

எல்லாம் முடிந்ததும் ஜெயவேலைச் சந்துக்குள் தள்ளிக்கொண்டு போனான்.

"நெசத்த சொல்லு. இன்னா பண்ண?"

"ரெண்டு கயிறு தொங்குதில்ல மாமு? ஒண்ணு இறுக்கும், ஒண்ணு அவுக்கும். நீங்க மூணு பேரும் இழுத்தது இறுக்குற கயிறு."

"அடப்பாவி! வேணும்னேவா?" அசோகன் தலையில் கை வைத்தான். "எங்கள வுடு. அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்? ஊரு முன்னாடி பெரிய மனுசன அசிங்கப்படுத்திட்டியேடா!"

ஜெயவேல் சிரித்துக்கொண்டே கம்பத்தடியைக் காட்டினான். அங்கே கயிறு உராய்ந்து சிவந்த கையால், முதல் லட்டைப் பச்சையம்மாவுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார் அண்ணாச்சி.

"முந்தாநாள் நீ அழைச்சிட்டுப் போன கையோட என்னை மண்டிக்கு வரச் சொன்னாரு மாமு. 'அந்தம்மா சேல எடுத்துட்டு நிக்கி, அதுகிட்ட புடுங்கியா நான் கொடியேத்தணும்? நான் மாட்டேம்னா அசோகன் அடுத்த பெரிய மனுசனத் தேடித்தான் போவான். நான் எம்புட்டு இழுத்தாலும் அவுழாத மாதிரி ஒரு முடிச்சுப் போட்டுத் தாப்பா'ன்னு என் கையப் புடிச்சிக் கேட்டதே அவுருதான்!"